பேரு வெச்சாச்சு... ஆனா, அது உங்க பேருதானா?

ஈ.சி.ஆர். ஓரமாக, பிள்ளைச்சாவடியில் இருக்கும் அந்தப் பெரிய கேம்பஸ் உங்களுக்குத் தெரியும். 2020-ல் அதன் பெயர் 'புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்' என்று மாறியது. ஆனால், அதற்கு முன் அங்கே படித்த சீனியர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்... 'நான் பி.இ.சி. ஸ்டூடன்ட்' என்றுதான் சொல்வார்! ஊர் கதையும் அதேதான். 2006 அக்டோபரில் பாண்டிச்சேரி, புதுச்சேரி ஆனது. இன்னிக்கும் நாம் சொல்வது என்னவோ, 'மச்சி, வீக் எண்ட் பாண்டி போலாமா?'தான்.

ஜனங்க வாயில் ஏறிய பெயரை மாற்றுவது அவ்வளவு கஷ்டம். அரசாங்கத்துக்கும் யுனிவர்சிட்டிக்கும் பரவாயில்லை, பேர் மாறினாலும் ஆள் மாறாது. நேற்று ஆரம்பித்த உங்கள் பிசினஸுக்கு? பேர் போனால் எல்லாமே போச்சு!

ஒரு சின்ன கற்பனை. ஃபைனல் இயர் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து டி-ஷர்ட் பிசினஸ் ஆரம்பிக்கிறீர்கள். ஹாஸ்டல் ரூமில் விடிய விடிய யோசித்து ஒரு பேர் பிடிக்கிறீர்கள். லோகோ ரெடி, இன்ஸ்டாகிராம் பக்கம் ரெடி, கவர் பிரின்ட் பண்ணியாச்சு, கல்ச்சுரல்ஸில் ஸ்டால் போட்டு கல்லா கட்டியாச்சு. எட்டு மாசம் கழித்து ஒரு வக்கீல் நோட்டீஸ் வருகிறது. 'எங்கள் கட்சிக்காரர் அஞ்சு வருஷமாக இதே பெயரில் துணி விற்கிறார். உடனே நிறுத்தவும். இதுவரை சம்பாதித்ததற்குக் கணக்கு காட்டவும்.'

இப்போ என்ன பண்ணுவீங்க?

இந்த நிலைமை வராமல் தடுப்பது பெரிய விஷயமே இல்லை. பேரை முடிவு பண்ணும் முன் ரெண்டு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்று: இந்தப் பேர் என் பொருளை மத்தவங்க பொருளிலிருந்து பிரித்துக் காட்டுமா? இரண்டு: எனக்கு முன்னாடி யாராவது இதைப் பயன்படுத்துறாங்களா? 'பேர் நல்லாருக்கா, கெத்தா இருக்கா' என்பதெல்லாம் இந்த ரெண்டுக்கும் அப்புறம்தான். நம்ம ஊரு கோர்ட் கதைகளே இதற்கு சாட்சி.

அஞ்சு பேர் இனிஷியல் கதை

நண்பர்கள் பேரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து கம்பெனிக்குப் பேர் வைப்பது நம் கேம்பஸ்களில் ரொம்ப ஃபேமஸ். அதிலும் ஆபத்து உண்டா? உண்டு!

சென்னையைச் சேர்ந்த 'சத்யம் இன்ஃபோவே', 1999-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்த நிறுவனம். தன் பெயரின் இரண்டு சொற்களிலிருந்தும் எழுத்துக்களை எடுத்து 'சிஃபி' என்று புதுசாக ஒரு வார்த்தையை உருவாக்கி, அந்த வார்த்தையில் தொடங்கும் இணைய முகவரிகளை அதே வருஷம் பதிவு செய்தது. சில வருஷத்தில் வேறொரு நிறுவனம் ஒரே ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டு கிட்டத்தட்ட அதே உச்சரிப்பில் முகவரி வாங்கியது. கேட்டபோது, 'இது எங்கள் பங்குதாரர்கள் ஐந்து பேரின் பெயர்களின் முதல் எழுத்து' என்று விளக்கம் சொன்னது.

பெங்களூர் சிவில் கோர்ட்டில் சத்யம் ஜெயித்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தோற்றது. கடைசியில், 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் சத்யம் பக்கம் தீர்ப்பு சொன்னது. இனிஷியல் விளக்கத்தை கோர்ட் ஏற்கவில்லை. இணைய முகவரிகளுக்கென்று தனிச்சட்டம் இல்லாவிட்டாலும், அதுவும் ஒரு வியாபாரப் பெயர்தான், வாடிக்கையாளரைக் குழப்பினால் தடுக்கலாம் என்று தெளிவாக்கியது அந்தத் தீர்ப்பு.

இதில் நமக்கு மூணு பாடம். சொந்தமாக உருவாக்கிய வார்த்தைக்குத் தெம்பு அதிகம். ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்தை மாற்றினால் தப்பிக்க முடியாது, காதில் எப்படி விழுகிறது என்பதுதான் கணக்கு. 'எங்களுக்கு இதுக்குத் தனிக் காரணம் இருக்கு' என்று பிற்பாடு சொல்லும் கதைக்கு மதிப்பு குறைவு.

'மேஜிக்' வேலை செய்யாது!

ரெண்டு பெரிய கம்பெனிகள் நூடுல்ஸுக்காக சென்னை உயர் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டது தெரியுமா? ஐ.டி.சி. நிறுவனம் 2010-ல் 'சன்ஃபீஸ்ட் இப்பீ' நூடுல்ஸைக் கொண்டுவந்தது. அதில் ஒரு சுவைக்குப் பேர் 'மேஜிக் மசாலா'. 2013-ல் நெஸ்லே தன் மேகி நூடுல்ஸில் 'மேஜிக்கல் மசாலா' என்று போட்டது. 'எங்க பேரைக் காப்பி அடிச்சுட்டாங்க' என்று ஐ.டி.சி. கோர்ட்டுக்குப் போனது. 2020 ஜூனில் தீர்ப்பு. வழக்கு தள்ளுபடி!

ஏன்? 'மசாலா' என்பது பொருளைச் சொல்லும் வார்த்தை. 'மேஜிக்' என்பது பொருளைப் புகழும் வார்த்தை. எல்லாரும் பயன்படுத்தும் இந்த மாதிரி வார்த்தைகளுக்கு ஒருத்தர் மட்டும் பட்டா போட முடியாது. இவ்வளவு பெரிய கம்பெனிக்கே இதுதான் கதி என்றால், 'சூப்பர் டேஸ்ட் பிரியாணி', 'பெஸ்ட் டி-ஷர்ட்ஸ்' என்று பேர் வைக்கப் போகும் நம் கதி?

ஊர்ப் பேருக்கும் இதே விதிதான். 'பாண்டி பீட்சா', 'புதுச்சேரி பேக்கரி' எல்லாம் போர்டில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால், ஒரு பொருள் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று மட்டும் சொல்லும் பெயரை டிரேட்மார்க் சட்டம் சாதாரணமாக ஒருத்தருக்கே எழுதிக் கொடுக்காது. பக்கத்துத் தெருவில் இன்னொருவர் 'பாண்டி' என்று ஆரம்பித்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

பின்னே எப்படித்தான் பேர் வைப்பதாம்? நம்ம ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 1978-ல் திலீப் கபூர் சின்னப் பட்டறையாகத் தொடங்கி, இன்று புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டு பல நாடுகளில் விற்கும் தோல் பொருள் நிறுவனம் 'ஹைடிசைன்'. ஆங்கிலத்தில் 'ஹைட்' என்றால் தோல். அதையும் 'டிசைன்' என்பதையும் ஒட்டிவிட்டால் பேர் ரெடி. பொருளைப் பற்றி லேசாகக் கோடி காட்டுகிறது. ஆனால், 'தோல் பை' என்று நேராகச் சொல்லவில்லை. பார்த்தவருக்கு மறக்காது, அடுத்தவருக்கு அது தேவையும் இல்லை.

திண்டுக்கல்லில் 1957-ல் பிரியாணிக் கடை ஆரம்பித்தவர் தலைப்பாகை கட்டியிருந்ததால் வந்த பேர் 'தலப்பாக்கட்டி'. தலைப்பாகைக்கும் பிரியாணிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அந்தச் சம்பந்தமில்லாத தன்மைதான் அதன் பலம். அந்தப் பேருக்காக சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது என்றால், அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், பொருளை விவரிக்கும் பேர் பலவீனம். கோடி காட்டும் பேர் பரவாயில்லை. சம்பந்தமில்லாத பேர் பலம். புதுசாக உருவாக்கிய பேர் ரொம்ப பலம்.

ஸ்டார் பேரை ஒட்டிக்கொள்ளலாம் என்ற ஐடியா இருந்தால் இப்பவே விட்டுடுங்க. தன் பெயரைத் தலைப்பில் வைத்து எடுக்கப்பட்ட ஒரு இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015-ல் அவர் பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது கோர்ட்.

யார் முதலில் வந்தாங்க?

இப்போ ரெண்டாவது கேள்வி. டிரேட்மார்க் விஷயத்தில் நம்மில் பல பேர் நினைப்பது, 'முதலில் பதிவு பண்ணினவனுக்குத்தான் பேர்' என்று. அது பாதி உண்மைதான். நம் நாட்டுச் சட்டத்தில் முதலில் பயன்படுத்தினவருக்கு மரியாதை ஜாஸ்தி. நீங்கள் பதிவு செய்வதற்கும், பயன்படுத்தத் தொடங்குவதற்கும் முன்பிருந்தே ஒருவர் தொடர்ந்து அந்தப் பெயரில் வியாபாரம் செய்துவந்தால், உங்கள் பதிவைக் காட்டி அவரை நிறுத்த முடியாது.

இதற்கு 'ப்ரியஸ்' வழக்கைவிட சூப்பரான உதாரணம் கிடையாது. டொயோட்டா நிறுவனம் 1997-ல் ஜப்பானில் 'ப்ரியஸ்' காரை அறிமுகம் செய்தது. இந்தியாவுக்கு அந்தக் கார் வர பத்து வருஷத்துக்கும் மேல் ஆனது. அதற்குள் இங்கே 2001-லிருந்தே ஒரு சின்ன நிறுவனம் அதே பெயரில் வாகன உதிரிப் பொருட்கள் விற்றுக்கொண்டிருந்தது, பதிவும் செய்திருந்தது. டொயோட்டா வழக்கு போட்டது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? 2001-ல் இந்தியச் சந்தையில் உங்கள் 'ப்ரியஸ்' காருக்குப் போதுமான பெயர் இருந்ததாக நிரூபிக்கவில்லை என்று சொல்லி, சின்ன நிறுவனத்தின் பக்கம் நின்றது!

உலகத்தில் பெரிய ஆளா என்பது வேறு, இந்தச் சந்தையில் முதல் ஆளா என்பது வேறு. இதில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதல் நாளிலிருந்து ஒரு ஃபைல் போடுங்கள். முதல் பில், பிரின்டிங் பிரஸ் ரசீது, ஸ்டால் போட்டோ, விளம்பர நோட்டீஸ், எல்லாவற்றிலும் தேதி இருக்கட்டும். நாளைக்கு 'நான்தான் முதல்' என்று சொன்னால், அந்த ஃபைல்தான் உங்களுக்காகப் பேசும்.

ஒரே பேர், ரெண்டு கடை... முடியுமா?

முடியும். கர்நாடகப் பால் கூட்டமைப்பு 1985 முதல் 'நந்தினி' என்ற பெயரில் பால் விற்கிறது. பெங்களூரில் 1989 முதல் 'நந்தினி டீலக்ஸ்' என்ற ரெஸ்டாரன்ட் நடக்கிறது. ரெண்டு பேருக்கும் சண்டை. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ரெஸ்டாரன்ட் பெயரை அனுமதித்தது. நந்தினி என்பது தெய்வப் பசுவின் பெயர், யாரும் புதுசாக உருவாக்கியது இல்லை. பொருளும் வேறு, லோகோவும் வேறு, மக்கள் குழம்ப மாட்டார்கள் என்பது தீர்ப்பின் சாரம்.

டிரேட்மார்க் பதிவில் 'வகுப்பு' என்று கேட்பது இதற்காகத்தான். மொத்தம் 45 வகுப்புகள். 1 முதல் 34 வரை பொருட்கள், 35 முதல் 45 வரை சேவைகள். டி-ஷர்ட் 25-ல் வரும். காபி, டீ, மசாலா, பேக்கரி அயிட்டங்கள் 30. ஊறுகாய், பால் பொருட்கள் 29. ஹோட்டல், கேட்டரிங் 43. மொபைல் ஆப் என்றால் 9. நீங்கள் எதில் பதிவு செய்கிறீர்களோ, அதில்தான் பாதுகாப்பு. அதற்காக, 'வேற வகுப்புதானே' என்று ஊரறிந்த பெரிய பேரில் கை வைக்காதீர்கள். ரொம்பப் புகழ்பெற்ற பெயர்களுக்குச் சட்டம் எல்லா வகுப்பிலும் காவல் நிற்கும்.

தேடுங்க... நல்லா தேடுங்க!

சரி, ஒரு பேர் மனசில் இருக்கு. அடுத்து?

மத்திய அரசின் டிரேட்மார்க் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். உங்கள் வகுப்பைக் கொடுத்து, பேரை அடித்துப் பாருங்கள். அப்படியே நின்றுவிடாமல் 'உச்சரிப்புத் தேடல்' என்ற வசதியையும் பயன்படுத்துங்கள். 'கூல்' என்பதை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாமோ, அத்தனையையும் போட்டுப் பாருங்கள். பேர் தமிழ் வார்த்தை என்றால் அதற்கு ஆங்கிலத்தில் நாலு ஸ்பெல்லிங் இருக்கும், நாலையும் தேடுங்கள்.

பிறகு கம்பெனிகள் பதிவு செய்யும் அமைச்சக இணையதளத்தில் அதே பேரில் கம்பெனி இருக்கா என்று பாருங்கள். இணைய முகவரி காலியா? இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஆப் ஸ்டோர்களில் யாராவது இருக்காங்களா? கடைசியாக, பழைய ஸ்டைலில் காலாலும் தேடுங்கள். பதிவே செய்யாமல் இருபது வருஷமாக நடக்கும் கடை பதிவேட்டில் வராது. நேரு வீதி, மிஷன் வீதி, ஈ.சி.ஆர். என்று ஒரு ரவுண்ட் அடித்தால் தெரிந்துவிடும்!

இன்னொரு விஷயம். கம்பெனி பேருக்கு அனுமதி கிடைத்தாச்சு, ஜி.எஸ்.டி. எண் வந்தாச்சு, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் வாங்கியாச்சு, இணைய முகவரியும் வாங்கியாச்சு. இதில் எதுவுமே டிரேட்மார்க் ஆகாது. ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்கான சீட்டு. ரயில் டிக்கெட்டைக் காட்டி பஸ்ஸில் ஏற முடியாதில்லையா?

பதிவு பண்றது எப்படி?

நாட்டில் டிரேட்மார்க் அலுவலகம் அஞ்சு ஊரில் இருக்கிறது. மும்பை, டில்லி, கொல்கத்தா, சென்னை, அகமதாபாத். புதுச்சேரிக்காரங்களுக்கு சென்னை கிண்டி அலுவலகம். நேரில் போகணும்னு அவசியமில்லை, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குப் பேர் 'டி.எம்.-ஏ'. டிஜிட்டல் கையெழுத்து தேவைப்படும். நீங்களே செய்யலாம், இல்லையென்றால் பதிவு பெற்ற ஏஜென்ட் அல்லது வக்கீல் மூலமாகவும் செய்யலாம்.

இணையத்தில் போட்டால் தனிநபருக்கும், அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்-அப், சிறு நிறுவனங்களுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. டி-ஷர்ட் தயாரிப்பு 25, மற்றவர் துணிகளையும் சேர்த்து விற்கும் ஆன்லைன் கடை என்றால் 35 என்று ரெண்டு வகுப்பு எடுத்தால், ரெண்டு கட்டணம். ஆசைப்பட்டு பத்து வகுப்பு எடுக்காதீர்கள். பதிவு செய்துவிட்டு அஞ்சு வருஷத்துக்கு மேல் பயன்படுத்தாமல் கிடந்தால், அதை நீக்கச் சொல்லி யாரும் கேட்கலாம்.

விண்ணப்பித்ததும் ஒரு எண் வரும். அப்போதிலிருந்து பேர் பக்கத்தில் சின்னதாக 'டி.எம்.' போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவு முடிந்தவர்களுக்கு மட்டும். முன்கூட்டியே போட்டால் சட்டப்படி தப்பு.

அதிகாரி பரிசீலித்து ஆட்சேபனை எழுப்பினால், அறிக்கை கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். செமஸ்டர் எக்ஸாம் என்று மெயிலைப் பார்க்காமல் விட்டால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகப் போய்விடும்! ஏற்றுக்கொண்டால் டிரேட்மார்க் இதழில் வெளியாகும். நாலு மாசத்துக்குள் யாரும் எதிர்க்கவில்லை என்றால் சான்றிதழ். விண்ணப்பித்த தேதியிலிருந்து 10 வருஷம் செல்லும். அப்புறம் பத்துப் பத்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

ஒருவேளை தகராறு வந்தால்? அப்பீல் விசாரிக்க முன்பிருந்த தனி வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டது. அந்த வேலை இப்போது உயர் நீதிமன்றங்களிடம். புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான். இந்த மாதிரி வழக்குகளுக்கென்றே அங்கே 2023 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது.

பேர் யாருக்குச் சொந்தம் மச்சி?

வெளி ஆள் வந்து பிடுங்குவதைவிட, உள்ளுக்குள்ளேயே உடைவதுதான் கேம்பஸ் பிசினஸில் பெரிய ஆபத்து. நாலு பேர் ஆரம்பிக்கிறீர்கள். 'கார்டு என்கிட்ட இருக்குடா' என்று ஒருத்தன் தன் பேரிலேயே விண்ணப்பம் போட்டுவிடுகிறான். காலேஜ் முடிந்ததும் ஒருத்தருக்கு பெங்களூரில் வேலை, ஒருத்தர் எம்.எஸ். படிக்க வெளிநாடு. அப்போ அந்தப் பேர் யாருக்கு? காகிதத்தில் யார் பேர் இருக்கோ, அவருக்கு!

அதனால், விண்ணப்பம் போடும் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ பதிவு செய்து, அதன் பேரில் விண்ணப்பிப்பது நல்லது. அது முடியாவிட்டால், 'பேர் நாலு பேருக்கும் சொந்தம், ஒருத்தர் விலகினால் இப்படி' என்று முத்திரைத் தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். லோகோ வரைந்து கொடுத்த விஷுவல் கம்யூனிகேஷன் தோழியிடமும் ஒரு கடிதம் வாங்குங்கள். அவர் சும்மா வரைந்து தந்திருந்தாலும், எழுதிக் கொடுக்காதவரை அந்தப் படத்தின் காப்புரிமை அவருடையதுதான். நட்பில் இதெல்லாம் எதுக்கு என்று தோணும். நட்பு நிலைக்கணும் என்றால் இதெல்லாம் வேணும்.

பிள்ளைச்சாவடி கேம்பஸிலேயே அடல் இன்குபேஷன் மையம் இயங்குகிறது. ஐடியா இருப்பவர்கள் அங்கே போய் வழி கேட்கலாம். ஆனால், போகும் முன் இன்னிக்கு ராத்திரியே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் குரூப்பில் யோசித்து வைத்திருக்கும் அஞ்சு பேரையும் ஒரு பேப்பரில் எழுதி, ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் தேடுங்கள். அடிபடுவது அடிபடட்டும். போர்டுக்கு ஆர்டர் கொடுத்த பிறகு அடிபடுவதைவிட, பேப்பரில் அடிபடுவது ரொம்ப சீப்!